பொதுக்கூட்டமா, வகுப்பு வட்டமா, வீட்டு வாசலா?

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் யாரிடம் கேட்டாலும் பெற்றோரின் ஒத்துழைப்பு வேண்டும் என்பார்கள். அதே மூச்சில், "எங்க சேர், வாற ஆக்கள்தான் ஒவ்வொருக்காவும் வாறாங்க" என்றும் சொல்வார்கள். தவறாமல் வருகிறவர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் எப்படியும் படித்துவிடும். கொப்பியைத் திறந்து பார்க்க வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்குரிய கதிரைதான் காலியாகக் கிடக்கும். ஆகவே பெற்றோரை அடையும் வழிகளை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளை வைத்துப் பார்க்கிறோம். அந்தக் காலிக் கதிரை வீட்டை இந்த வழி எட்டுமா? அதற்கு எத்தனை ஆசிரிய மணித்தியாலம் போகும்?

கணக்குக்காக ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். தரம் 1 முதல் 5 வரை, வகுப்புக்கு 25 பேராக 125 பிள்ளைகள். அதிபரையும் சேர்த்து ஆறு ஆசிரியர்கள். இலங்கையின் கிழக்கில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் இந்த அளவுப் பாடசாலை புதிதல்ல.

அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் ஜோய்ஸ் எப்ஸ்டைன் குடும்பமும் பாடசாலையும் சேர்ந்து இயங்குவதை ஆறு வகையாகப் பிரித்தார்: பிள்ளை வளர்ப்பில் துணை, தொடர்பாடல், தொண்டு, வீட்டில் கற்றல், தீர்மானத்தில் பங்கு, ஊரோடு கூட்டு. பயிற்சிப் பட்டறைகளில் இந்த ஆறையும் சுவரில் ஒட்டி, ஆறுக்கும் திட்டம் எழுதச் சொல்வார்கள். ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரே வருடத்தில் ஆறையும் தொட்டால் எல்லாம் அரைகுறையாகும். தரம் 1 தொடக்கம் 3 வரைக்கும் நாங்கள் முதலில் வைப்பது வீட்டில் கற்றலை. மற்றவை அதற்கு உதவுகிற அளவுக்குத்தான் பெறுமதி.

பொதுக்கூட்டம்

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. இறைவணக்கம், வரவேற்புரை, போன கூட்ட அறிக்கை, கணக்கு, பிறகு கட்டடம், மலசலகூடம், வேலி. தவணைக்கு ஒன்றாக மூன்று கூட்டம், ஒவ்வொன்றும் இரண்டரை மணித்தியாலம், ஆறு ஆசிரியரும் இருக்கவேண்டும் என்றால் வருடத்துக்கு 45 ஆசிரிய மணித்தியாலம். மலிவானதுபோலத் தெரிகிற இந்த வழி உண்மையில் மலிவில்லை. கீழே வரும் வகுப்பு வட்டத்தைவிட இது கூடச் செலவாகிறது.

குடிதண்ணீர்த் தாங்கி, யானை வந்து சரித்த மதில், சங்கக் கணக்கு ஆகியவற்றுக்குப் பொதுக்கூட்டம்தான் சரியான இடம். அதை விடமுடியாது, விடவும் கூடாது. ஆனால் பிள்ளையின் படிப்பைப் பேச அது இடமில்லை. எண்பது பேர் இருக்கும் மண்டபத்தில் எழும்பி, "என்ர மகனுக்கு இன்னும் வாசிக்க வருகுதில்ல டீச்சர்" என்று எந்தத் தாயும் சொல்லமாட்டா. சொல்லத் துணிந்தவவுக்கும் மறுமொழி, "அதைப் பிறகு தனியாக் கதைப்பம்" என்பதுதான்.

இன்னொரு சிக்கல் பணம். ஒவ்வொரு கூட்டமும் ஏதாவது சேர்ப்பில் முடிந்தால், கையில் காசில்லாத வீடு அடுத்த அழைப்புக் கடிதத்தைப் பார்த்ததும் விலகிவிடும். இந்தப் பக்கத்தில் தாய்மாருக்குக் "கூட்டம்" என்ற சொல்லே அலுத்துப்போன ஒன்று: மாதர் சங்கக் கூட்டம், சமுர்த்திக் கூட்டம், கிழமைக்கொருக்கா குழுக்கடன் கூட்டம். கடைசியாகச் சொன்னதில் தவணைக் காசு கட்டமுடியாமல் நின்றவர் பாடசாலைக் கூட்டத்திலும் கதவோரம்தான் நிற்பார். படிப்புப் பேச்சும் பணப் பேச்சும் ஒரே நாளில் வேண்டாம். பணம் பேசும் கூட்டம் வருடத்துக்கு ஒன்று போதும், கணக்கு அறிக்கை கேற்றடியில் ஒட்டப்பட்டால். திகதி வைக்குமுன் ஊரில் கடன் அறவிட வரும் நாள் எது என்று கேட்டுவிட்டு, அந்த நாளைத் தவிருங்கள்.

அழைப்புக் கடிதமும் ஆளை வெட்டும். "மேற்படி கூட்டத்திற்குத் தவறாது சமூகமளிக்குமாறு தங்களைத் தயவுடன் கேட்டுக்கொள்கின்றேன்" என்ற வசனத்தை வாசித்து முடிக்க நாலாம் வகுப்போடு படிப்பை விட்ட தகப்பனால் முடியாது. "வெள்ளிக்கிழமை 11.30க்கு வகுப்புக்கு வாங்க. ஒரு மணித்தியாலம்தான். காசு கேட்கமாட்டோம். அம்மம்மாவும் வரலாம்." இந்த நாலு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி, தரம் 3இலிருந்து பிள்ளையே வீட்டில் வாசித்துக் காட்டவேண்டும் என்று விடுங்கள். அதுவும் ஒரு வாசிப்புப் பயிற்சி.

வகுப்பு வட்டம்

ஒரு வகுப்பின் 25 வீடுகளும் அந்த வகுப்பாசிரியரும் மட்டும் கூடுவது. தவணைக்கு ஒரு மணித்தியாலம், ஆயத்தத்துக்கு இன்னொரு மணித்தியாலம். ஐந்து வகுப்பு, மூன்று தவணை: 30 ஆசிரிய மணித்தியாலம். ஆறு பேரும் ஒரே நேரத்தில் இருக்கத் தேவையில்லை என்பதால்தான் இந்த மிச்சம்.

நேரத்தில்தான் பாதி வெற்றி. தரம் 1, 2 பிள்ளைகள் 11.30 அளவில் விடுவார்கள். 11.15க்கே கேற்றடியில், வேம்புக்குக் கீழே, சைக்கிளோடும் குடையோடும் தாய்மாரும் அம்மம்மாமாரும் நிற்பார்கள். அவர்களை அப்படியே உள்ளே கூப்பிட்டால் இன்னொரு நடை இல்லை, பஸ் காசு இல்லை, "வேலைக்குப் போகாமல் நின்றேன்" என்ற இழப்பும் குறைவு. பின்னேரம் நாலு மணி என்று வைத்தால் படுவான்கரைப் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) பக்கத்தில் யானைப் பயத்தில் இருட்டுமுன் வீடு சேரவேண்டும் என்ற அவசரம். காத்தான்குடி, நிந்தவூர் போன்ற ஊர்களில் அது பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகிற நேரம். முஸ்லிம் பாடசாலைகளில் வெள்ளிக்கிழமையும் வேண்டாம். ஜும்ஆ நாளில் வீட்டில் வேலை கூட. செவ்வாயோ புதனோ நல்லது.

பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில் பெரியவர்களை மடக்கி இருத்தவேண்டாம். பாய் விரித்து வட்டமாக இருப்பது எல்லோருக்கும் சுகம், ஆசிரியரும் பாயில்தான். கைக்குழந்தைகள் வரும். ஒரு மூலையில் நாலு விளையாட்டுச் சாமான் போட்டு ஒருவரைப் பார்க்கவிடுங்கள். இல்லாவிட்டால் இருபதாவது நிமிடத்தில் பாதி வட்டம் எழும்பிவிடும்.

வட்டத்தில் என்ன செய்வது? பேச்சு வேண்டாம். ஒரு பாடத்தைக் கையால் செய்யவிடுங்கள். தரம் 3 கழித்தலை எடுங்கள். 42இலிருந்து 17. வீட்டில் பெரியவர்கள் "ரெண்டிலிருந்து ஏழு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சொல்லிக் கொடுப்பார்கள். பிள்ளை பாடசாலையில் பார்த்தது வேறு. அதனால் இரவு எட்டு மணிக்குக் குப்பிலாம்புக் காலத்துச் சண்டையே நடக்கும்: "டீச்சர் இப்பிடிச் சொல்லித் தரல்ல", "உன்ர டீச்சருக்கு என்ன தெரியும்". இதைத் தீர்க்க ஆளுக்கு ஐம்பது ஈர்க்கிலும் நாலைந்து றப்பர் வளையமும் போதும். பத்துப் பத்தாகக் கட்டி நாலு கட்டு, தனி ஈர்க்கில் இரண்டு: இது 42. ஏழு எடுக்கவேண்டும், தனியாக இரண்டுதான் உண்டு. ஒரு கட்டின் வளையத்தைக் கழற்றினால் மூன்று கட்டும் பன்னிரண்டு தனியும். ஏழை எடுத்து, ஒரு கட்டையும் எடுத்தால் மிச்சம் இரண்டு கட்டும் ஐந்தும், 25. வளையத்தைக் கழற்றும்போதுதான் "கடன் வாங்குறது எண்டால் இதானா" என்ற சத்தம் எழும்பும். படிக்காத அம்மம்மாவும் இதைச் செய்வா. ஈர்க்கில் கட்டுவது அவவுக்குத்தான் கை வந்த வேலை.

தரம் 1க்கு எழுத்து. பல வீடுகளில் "அனா, ஆவன்னா" என்று வரிசையைப் பாடமாக்குவிப்பார்கள். வகுப்பிலோ எழுத இலகுவான ட, ப, ம போன்றவற்றில் தொடங்கி படம், பட்டம் என்று சொல்லாகச் சேர்ப்பார்கள். இரண்டும் மோதினால் பிள்ளைக்கு வரிசை ஒப்புவிக்க வரும், நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் வராது. இதை வட்டத்தில் பத்து நிமிடம் காட்டினால் போதும்: எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு, தாயையே எடுத்துச் சொல் கட்டச் சொல்லுங்கள்.

கடைசிப் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு ஒரே ஒரு வேலை. நாங்கள் சிபாரிசு செய்வது பத்து நிமிட வாசிப்பு: பிள்ளை வாசிக்கும், பெரியவர் கேட்பார். கேட்கிறவருக்கு எழுத்துத் தெரியவேண்டியதில்லை. "ஆர் வந்த? என்ன நடந்த? மறுகா?" என்று மூன்று கேள்வி கேட்டால் போதும். "மறுகா?" (பிறகு?) என்பதற்கு மறுமொழி சொல்ல, பிள்ளை வாசித்ததை விளங்கியிருக்கவேண்டும். முப்பது கட்டம் உள்ள ஓர் அட்டை, வாசித்த நாளுக்கு ஒரு புள்ளடி.

இந்த அட்டையில்தான் பிழையும் வரும். மாதக் கடைசி இரவில் ஒரே பேனையால் முப்பது புள்ளடியும் விழும். ஏசி வேலையில்லை. நாளுக்கு ஐந்து பிள்ளைகளை, முதல்நாள் வீட்டில் வாசித்த பக்கத்தைத் திரும்ப வாசிக்கக் கேளுங்கள். ஐந்து நாளில் 25 பேரும் முடியும். மூன்று கிழமைக்குள் அட்டை நேராகிவிடும்.

வட்டத்தைக் கெடுப்பவை மூன்று. தனிப் பிள்ளையின் புள்ளியை எல்லோர் முன்னும் சொல்வது முதலாவது. அந்தத் தாய் மறுமுறை வரமாட்டா. இரண்டாவது, வட்டத்துக்குத் தலைவியைத் தெரிவுசெய்யும்போது ஒவ்வொரு வருடமும் உத்தியோகத்தர் வீட்டாரையே தெரிவுசெய்வது. அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் வராத வீட்டோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. தலைவி இல்லாமல், "வளவுக்கு ஒருவர்" என்று பக்கத்து வீட்டைக் கூட்டிவரும் பொறுப்பைக் கொடுப்பது மேல். மூன்றாவது தரம் 5. அங்கே எந்தப் பேச்சும் ஐந்து நிமிடத்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போய் வெட்டுப்புள்ளியில் நின்றுவிடும். பாடசாலைகளும் இதற்குக் குற்றவாளிதான். தரம் 5 பெற்றோருக்குப் பத்துக் கூட்டம், தரம் 2 பெற்றோருக்கு ஒன்றுகூட இல்லை என்ற கணக்கு எத்தனை இடத்தில்? தரம் 2 முடியும்போது சரளமாக வாசிக்காத பிள்ளைக்குத் தரம் 5இல் மேலதிக வகுப்பு வைத்து என்ன பயன்?

வீட்டுத் தரிசிப்பு

காலிக் கதிரை வீட்டை உறுதியாக எட்டும் வழி இது ஒன்றுதான். செலவும் இதற்குத்தான் கூட. ஒரு வீட்டுக்கு 20 நிமிடம், போய்வர 25 நிமிடம் என்று வைத்தால் 45 நிமிடம். தனியாகப் போகக்கூடாது, இருவர் போகவேண்டும் என்பதால் 90 ஆசிரிய நிமிடம். 125 வீட்டுக்கும் போனால் ஏறத்தாழ 188 மணித்தியாலம், ஆளுக்கு 31க்கு மேல். இதைத் திட்டத்தில் எழுதலாம், செய்யமுடியாது. எழுவான்கரையில் (வாவியின் கிழக்குக் கரை) குடியிருந்து படுவான்கரையில் படிப்பிக்கிறவர்கள் எத்தனை பேர்! மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு அந்தப் பக்கம் இலகுவானது; ஆனால் குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவைப் படகில்) போய்வருகிறவருக்குப் பின்னேரம் என்பது பாதை நேரம்தான்.

வகுப்புக்கு ஐந்து வீடு என்று தெரிந்தெடுத்தால் 25 வீடு, 37 மணித்தியாலம் சொச்சம், ஆளுக்கு வருடத்தில் ஆறேகால். இது நடக்கக்கூடியது. எந்த ஐந்து? பிள்ளையின் புள்ளியை வைத்துத் தெரிந்தெடுக்கவேண்டாம். வகுப்பு வட்டத்துக்கு இரண்டு முறை வராத வீடு, மாதத்தில் நாலு நாளுக்குமேல் பிள்ளை வராத வீடு, வாசிப்பு அட்டை வெறுமையாக வரும் வீடு: இந்த மூன்றில் இரண்டு பொருந்தினால் பட்டியலில் போடுங்கள். ஆகவே வட்டத்தை நடத்தாமல் தரிசிப்பைத் திட்டமிடவும் முடியாது.

இந்தப் பிரதேசத்தில் ஒரு வசதி உண்டு. கலியாணம் முடித்த மகள் தாயின் வளவிலோ பக்கத்திலோதான் வீடு கட்டி இருப்பா, மருமகன்தான் வந்து சேருவார். தமிழ், முஸ்லிம் இரு பக்கமும் இதே வழக்கம். அதனால் ஒரு வளவுக்குப் போனால் அம்மம்மாவும் சின்னம்மாவும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கேயே. ஒரு நடையில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் பற்றிக் கதைத்துவிடலாம். தாய் குவைத்திலோ சவூதியிலோ இருந்தால் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா, முஸ்லிம் வீட்டில் உம்மம்மா. கடிதங்களில் "பெற்றோர்" என்று மட்டும் எழுதினால் தன்னைக் கூப்பிடவில்லை என்றுதான் அவ நினைப்பா.

போகும் முறை. முதல்நாள் பிள்ளையிடமோ தொலைபேசியிலோ சொல்லிவிடுங்கள், திடீரென்று போய் நிற்கவேண்டாம். "வெறும் தண்ணி மட்டும்தான் குடிப்பம்" என்பதையும் அப்போதே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டீச்சர் வந்திருக்கிறா என்று பிள்ளையைக் கடைக்கு ஓடவிட்டுக் கடனுக்குச் சோடாவும் பிஸ்கட்டும் வாங்கிவைப்பார்கள். அந்தக் கடன் உங்கள் தரிசிப்பின் கணக்கில் சேரும். இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஆண்துணை இல்லாத வீடுகள் இங்கே பல. முற்றத்தில், திண்ணையில் இருந்து கதைப்பது எல்லோருக்கும் நல்லது. பதிவுப் புத்தகத்தை விரித்து எழுதவேண்டாம், கணக்கெடுக்க வந்த ஆள் மாதிரி இருக்கும். வெளியே வந்தபிறகு நாலு வரி எழுதுங்கள். "அப்பா என்ன வேலை?" என்று தொடங்கவேண்டாம். போரிலோ சுனாமியிலோ ஆளை இழந்த வீட்டில் அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று தெரியாது. "பிள்ளைய ஆர் பாக்கிற? ராவைக்கு எங்க இருந்து படிக்கும்?" என்று கேளுங்கள். விளக்கு எங்கே இருக்கிறது, மேசை உண்டா, பிள்ளை எத்தனை மணிக்குப் படுக்கிறது: கண்ணால் பார்த்தால் கேள்வியே தேவைப்படாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. முதல் தரிசிப்பில் முறைப்பாடு கொண்டுபோகாதீர்கள். "கண் ரெண்டையும் விட்டுட்டு அடிச்சுப் படிப்பிங்க சேர்" என்று சொல்லும் தகப்பன் அதை மரியாதையாகத்தான் சொல்கிறார். ஆனால் நீங்கள் "இவன் வீட்டுவேலை செய்யுறானில்ல" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணுமுன் உள்ளே பூவரசம் கம்பு முறியும். அடுத்தநாள் பிள்ளை வராது, அல்லது வந்து உங்கள் முகம் பாராது. பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றை, படமோ கணக்கோ, கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பிறகு ஒரேயொரு வேண்டுகோள்: பத்து நிமிட வாசிப்பு, அல்லது ஒன்பது மணிக்குள் படுக்கவைப்பது, அல்லது திங்கட்கிழமை தவறாமல் அனுப்புவது. மூன்றையும் கேட்டால் ஒன்றும் நடக்காது.

வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) வாடி (குடில்) போட்டு இருக்கும் காலத்தில் வீடு பூட்டிக் கிடக்கும். விதைப்பிலும் வெட்டிலும் பிள்ளையும் சேர்ந்து போய்விடும். அந்த வீடுகளுக்கு வெட்டுக்கு முன்னரே போய், பிள்ளை அம்மம்மாவோடு நிற்க ஒழுங்குபண்ண முடியுமா என்று கேட்பதுதான் அந்தத் தரிசிப்பின் முழு வேலையும்.

வாட்ஸ்அப் குழு

செலவில்லை, உடனே போய்ச் சேரும், எல்லோரும் தொடங்குகிறார்கள். நாலாம் மாதத்தில் அதில் காலை வணக்கப் பூவும் வைத்தியக் குறிப்பும்தான் மிச்சம். பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். குழுவில் இருக்கும் இலக்கம் பெரும்பாலும் தகப்பனுடையது. அவர் கடலில், அல்லது கட்டாரில். பிள்ளையோடு இருக்கும் அம்மம்மாவிடம் பட்டன் போன்.

ஆகவே வருடத் தொடக்கத்தில் வகுப்புப் பட்டியலில் மூன்று நிரல் கூட்டுங்கள்: போன் யாருடைய கையில், எந்த வகை, எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும். குழுவில் அட்மின் மட்டும் எழுதும்படி வையுங்கள். கிழமைக்கு இரண்டு தகவலுக்கு மேல் வேண்டாம். எழுத்தோடு முப்பது விநாடிக் குரல்பதிவும் போடுங்கள். எழுத்துத் தெரியாதவருக்கும் அது போகும். கட்டாரில் இருக்கும் தகப்பன் அந்தக் குரலைக் கேட்டு இரவு வீட்டுக்கு எடுத்து, "இண்டைக்கு வாசிச்சதா மகள்?" என்று கேட்டால், அதைவிட நல்ல கண்காணிப்பு கிடையாது. வெளிநாட்டுத் தகப்பன்மாரைச் சேர்க்க இந்த வழி ஒன்றுதான் உண்டு, இதன் உண்மையான பெறுமதியும் அங்கேதான். பிள்ளையின் புள்ளி, பிழைவிட்ட கொப்பி, அழுகிற முகம் எதையும் படமெடுத்துப் போடவேண்டாம். பட்டன் போன் வீடுகளுக்குத் துண்டுக் கடிதம்தான்.

ஊர் அமைப்புகள்

கோயில் வண்ணக்கர்மார் (கோயில் நிர்வாகிகள்), பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர். இவர்களிடம் பாடசாலை பெரும்பாலும் பொருள்தான் கேட்கிறது: சீமெந்து, தண்ணீர்த் தாங்கி, விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல். கிடைக்கும். தாங்கியில் பெயரும் எழுதப்படும். பிறகு மேடையில் கதிரை கேட்பார்கள், கதிரை வரிசையில் எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) முதலிடம் என்பது வரும், அதிபருக்கு அந்த வருடம் அதோடு போகும்.

பொருளுக்குப் பதிலாக நேரமும் இடமும் கேட்டால் வேறு பலன். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பு நடக்கிற இடங்களில், முடிந்ததும் அரை மணித்தியாலம் கதைப்புத்தகம் வாசிக்க இருபது புத்தகமும் ஒரு பாயும் போதும். மத்ரஸா விட்டதும் பதினைந்து நிமிடம் அப்படியே. உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஊரில் எப்போதும் இருப்பார்கள், அவர்களை இதற்குப் பிடியுங்கள். இரண்டு பேர் ஒன்றாக, திறந்த இடத்தில், பெரியவர் ஒருவரின் கண்ணில் படும்படி என்பது மாறாத விதி. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் "நாளைக்குத் தரம் 2 தாய்மார் 11.30க்கு" என்று ஒரு முறை சொன்னால் பத்துக் கடிதத்துக்குச் சமன். தகப்பன்மாரை எட்டுவதற்கு ஜும்ஆவுக்குப் பிறகும் கோயில் சடங்குக்கு முந்திய ஊர்க்கூட்டத்திலும் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

அரச உத்தியோகத்தர்களும் இந்தக் கணக்கில்தான். பாடசாலை மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளில் வீட்டாரும் நிற்கவேண்டும். கண் பார்வை குறைவு என்று எழுதிக்கொடுத்த துண்டு பையின் அடியில் கிடந்து கிழிந்துபோகும் கதை எல்லா ஊரிலும் உண்டு. கிளினிக்குக்கு ஒருநாள் சம்பளமும் பஸ் காசும் போகும் என்பதுதான் காரணம், அசட்டை இல்லை. அந்தப் பிள்ளைகளை ஒரே நாளில் சேர்த்து அனுப்ப ஒரு வான் ஒழுங்குபண்ணச் சங்கத்திடம் கேட்டால், தண்ணீர்த் தாங்கியைவிடக் குறைந்த செலவில் கரும்பலகை தெரியும் கண்கள் கிடைக்கும். தொடர்ந்து வராத பிள்ளைக்குப் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். ஆனால் முதலில் ஆசிரியர் போகவேண்டும். உத்தியோகத்தர் முதலாவதாகப் போனால் வீடு பயந்து மூடிக்கொள்ளும்.

எந்தப் பாடசாலைக்கு எது

படுவான்கரையில், வீடுகள் தூரம் தூரமாக, ஆசிரியர்கள் வெளியூராக இருக்கும் பாடசாலைக்கு: வகுப்பு வட்டம் 11.30க்கு, வகுப்புக்கு ஐந்து வீடு, பொதுக்கூட்டம் ஒன்று. வாட்ஸ்அப்பை நம்பவேண்டாம், சில இடங்களில் கவரேஜே மரத்தடிக்கு வந்தால்தான். தரிசிப்பைப் பாடசாலை விட்டதும், பஸ்ஸுக்கு முன் முடியும்படி, ஒரே திசையில் உள்ள வீடுகளைச் சேர்த்து வையுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி போன்ற நெருக்கமான ஊர்களில் போய்வரும் 25 நிமிடம் பத்தாகிவிடும். அங்கே வகுப்புக்கு எட்டு வீடுகூடப் போகலாம். 30 நிமிடம், இருவர், 40 வீடு: 40 மணித்தியாலம். மேலே சொன்ன 37க்குக் கிட்டத்தட்ட அதே செலவு. பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் குரல்பதிவும் நன்றாக வேலை செய்யும். நோன்பு விடுமுறையால் தவணைகள் மாறுவதைப் பார்த்து நாள் குறிக்கவேண்டும்.

மட்டக்களப்பு நகரத்தில் நிலைமை தலைகீழ். பெற்றோர் தாமாகவே வந்து வாசலில் நிற்பார்கள், சிலர் வகுப்பறை ஜன்னலிலும். பின்னேரமெல்லாம் டியூசன். அங்கே வேலை பெற்றோரைக் கூட்டிவருவது இல்லை, அவர்களை வீட்டில் கொஞ்சம் ஓயவைப்பது. தரம் 2 பிள்ளைக்கு மூன்று டியூசன் வைத்திருக்கும் தாயிடம் ஈர்க்கில் கட்டைக் கொடுத்து, இதை மட்டும் பத்து நிமிடம் செய்யுங்கள் என்று சொல்லி நம்பவைப்பது வீட்டுத் தரிசிப்பைவிடக் கஷ்டமான வேலை.

நாள் குறிப்பதில் எல்லோருக்கும் பொதுவானது ஊர்க் கலண்டர். முதல் வட்டத்தை வேளாண்மை வெட்டு தொடங்குமுன் முடியுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு உள்ள ஊர்களில் கதவு திறந்து (சடங்கு தொடங்கி) குளிர்த்தி (கடைசிச் சடங்கு) முடியும்வரை எதையும் வைக்கவேண்டாம், வைத்தாலும் ஆள் வராது. மூன்றாவது வட்டம் ஐப்பசி மழை இறங்குமுன். மாரியில் ஒற்றையடிப் பாதை தண்ணிக்குள் போனபிறகு தரிசிப்பும் இல்லை, அட்டையும் நனைந்துவிடும். அட்டைகளைப் பொலித்தீன் உறையில் போட்டுக் கொடுங்கள்.